அதே கம்ப்யூட்டர், அதே ஐகான், கணக்கு மட்டும் வேற

டவுன்வாசி:

நம்ம ஊர்ப் பக்கம் கடைகளுக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறவர்கள், யாரோ எழுதிவிட்டுப் போனதைக் கட்டி மேய்க்கிறவர்கள், எல்லாரும் பார்த்த வில்லங்கத்தை இங்கே போடுங்கள். கோடு (புரோகிராம் வரிகள்) தப்பாக எழுதி மாட்டிக்கொண்ட கதை நிறையப் படித்தாயிற்று. கோடில் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனாலும் ஒருநாள் கோளாறு வந்தது என்கிற மாதிரி இருந்தால் விசேஷம். முதலில் நான்.

டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை. விபி6 (விஷுவல் பேசிக் 6) மொழியில் எழுதிய புரோகிராம், கணக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் டேட்டாபேஸ் கோப்பில், எழுதினவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். விபி6 வந்தது 1998-இல், அதில் செய்த எக்ஸ்இ (ஓடுகிற புரோகிராம் கோப்பு) இன்றைக்கும் விண்டோஸ் 10, 11-இல் ஓடும், அதனால்தான் அது நம்ம கடைவீதியை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய பெட்டி ஒருநாள் படுத்துவிட்டது. புதுசு வாங்கி, பழைய ஃபோல்டரை டேட்டாபேஸோடு சேர்த்து, விண்டோஸில் புரோகிராம்கள் இருக்கும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் அப்படியே காப்பி பண்ணி ஓடவிட்டிருக்கிறார்கள். கொஞ்ச காலம் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் போன் வந்தது.

"ஏ தம்பி, நான் உக்காந்தா ஒரு கணக்கு காட்டுது, மவன் உக்காந்தா வேற கணக்கு காட்டுது. என்னதாம்பா நடக்கு?"

"ஒரே கம்ப்யூட்டர்தான அண்ணாச்சி?"

"பின்ன? கடைக்கு ஒண்ணுதாம்லா இருக்கு."

போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே உண்மை. அவர் லாகினில் அன்றைக்குப் போட்ட பில் ஒன்று, மகன் லாகினில் அதே நம்பரில் வேறொரு பில். இதற்கு நடுவில் பிரிண்டர் சரியாக வரவில்லை என்று பார்க்க வந்த சர்வீஸ் ஆள் ஐகானை ரைட் கிளிக் பண்ணி 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்று ஓட்டியிருக்கிறார். அப்போது இரண்டு பேர் பில்லும் இல்லை, கம்ப்யூட்டர் வாங்கிய நாளோடு கணக்கு நின்றுபோயிருந்தது. அண்ணாச்சி முகத்தைப் பார்க்கணுமே!

விஷயம் இதுதான். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சாதாரண யூசர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முடியாது. ஆனால் பழைய 32 பிட் புரோகிராம்கள் எல்லாம் எக்ஸ்பி நினைப்பில் அங்கேதான் எழுதும், தடுத்தால் செத்துவிடும். அதனால் விண்டோஸ் ஒரு சமாளிப்பு வேலை செய்கிறது. எழுத வந்த கோப்பை அந்தந்த யூசரின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குள் சத்தமில்லாமல் ஒரு நகல் எடுத்து, இனிமேல் இதுதான் உன் கோப்பு என்று புரோகிராமிடம் கொடுத்துவிடுகிறது. புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது, பாதையைக் கேட்டாலும் புரோகிராம் ஃபைல்ஸ் என்றுதான் சொல்லும். இரண்டு யூசர் என்றால் இரண்டு நகல். அட்மினாக ஓட்டினால் இந்தச் சமாளிப்பு கிடையாது, நேரே அசல் கோப்பு திறக்கும், அது முதல் நாள் வைத்தபடி அப்படியே இருக்கும். ஆக ஒரு கடைக்கு மூன்று கணக்குப் புத்தகம்.

கண்டுபிடிக்க நிறைய மெனக்கெட வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் தலைப்பு வரிசையை ரைட் கிளிக் பண்ணி யுஏசி விர்ச்சுவலைசேஷன் (இந்தச் சமாளிப்பின் பெயர்) என்ற நெடுவரிசையை எடுத்துப் போடுங்கள். நம்ம எக்ஸ்இ-க்கு நேராக 'எனேபிள்டு' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், அதைக் காட்டச் சொல்லிவிட்டுத் தேடினால் நகல்கள் கிடைக்கும்.

டேட்டாபேஸை, விண்டோஸின் பொதுவான புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குக் கீழே ஒரு ஃபோல்டர் போட்டு வைத்து, எல்லா யூசருக்கும் மாடிஃபை (மாற்றி எழுதும்) அனுமதி கொடுத்து, புரோகிராமின் செட்டிங் இருக்கும் ஐஎன்ஐ கோப்பில் பாதையை மாற்றினேன். எக்ஸ்இ பக்கத்திலேயே அதே பெயரில், புரோகிராமை எப்படி ஓட்டணும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் மானிஃபெஸ்ட் கோப்பும் வைத்தேன். அதில் 'அஸ்இன்வோக்கர்' (ஓட்டுகிறவரின் உரிமையோடே ஓடு) என்று ஒரு வரி இருந்தால் போதும், விண்டோஸ் திருட்டுத்தனமாக நகல் எடுப்பதை நிறுத்திவிடும், எழுத முடியாவிட்டால் பிழை பிழையாகவே வெளியே வரும். மானிஃபெஸ்ட் வைத்தும் ஒன்றும் நடக்காததுபோல இருந்தால் பதறாதீர்கள், எக்ஸ்இ-யின் தேதியைப் பார்த்துத்தான் விண்டோஸ் பழையதை நினைவில் வைத்திருக்கிறது, எக்ஸ்இ-யை மறுபடி பில்டு பண்ணினாலோ அதன் தேதியை மாற்றினாலோ எடுத்துக்கொள்ளும்.

கணக்கைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. இரண்டு நகலும் ஒரே நம்பரிலிருந்து கிளம்பியவை, பில்லோ வாடிக்கையாளர் கைக்குப் போயாயிற்று. ஜிஎஸ்டி விதியில் ஒரு நிதியாண்டுக்குள் ஒரு பில் நம்பர் இரண்டு தடவை வரக் கூடாது. அதை ஆடிட்டர் தலையில் கட்டிவிட்டு வந்தேன்.

அல்வாக்கடை சிஸ்டம்:

அண்ணே, உங்களுக்கு மூன்று கணக்கு என்றால் எனக்கு ஐம்பது கிலோ அல்வா.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடை. எடைத்தராசை சீரியல் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, வைத்ததும் எடை தானாக பில்லில் விழுகிற மாதிரி மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் ஒரு வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் திரையோடு வரும்) புரோகிராம். கால் கிலோ வைத்தால் 0.250 என்று வரணும். வரும். திடீரென்று ஒரு தடவை 50 கிலோ என்று விழும், ரேட்டைப் பெருக்கிப் பார்த்தால் வாங்க வந்தவர் வீட்டை எழுதிக் கொடுக்கிற அளவுக்குத் தொகை. பகலில் வராது, கூட்டம் நெரிகிற சாயங்காலம்தான் வரும், அதனால் பரிசோதிக்கப் போகிற நேரத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

சீரியல் போர்ட்டில் தகவல் மொத்தமாக வந்து சேரும் என்று நம்பி எழுதியிருந்தார்கள். அது எங்கே வேண்டுமானாலும் வெட்டுப்பட்டு வரும். ஒரு தடவை '0.2', அடுத்த தடவை '50'. அந்த இரண்டாவதை எண்ணாக மாற்றினால் ஐம்பதுதானே. வந்ததையெல்லாம் ஒரு பஃபரில் (தற்காலிக இடத்தில்) சேர்த்துவைத்து, தராசு அனுப்புகிற வரி முடிவுக் குறி வந்த பிறகுதான் எடையைப் பிரிக்கணும். கூடவே தட்டு ஆடி நிற்கிறவரை காத்திருக்கணும். ஒரே எடை அடுத்தடுத்து சில தடவை வந்தால்தான் பில்லில் போடச் சொல்லி மாற்றினேன்.

அதே புரோகிராமில் இன்னொரு கூத்து, கடை சாத்தும்போது விண்டோவை மூடினால் அப்படியே உறைந்துபோகும். திரையைக் கவனிக்கிறது மெயின் திரெட் (புரோகிராமுக்குள் ஓடும் முதல் வேலை வரிசை), டேட்டா வந்ததும் கூப்பிடப்படுகிற ஈவென்ட் வேறொரு திரெட்டில் ஓடுகிறது, அங்கிருந்து டெக்ஸ்ட் பாக்ஸைத் தொட்டால் 'கிராஸ் திரெட்' பிழை வரும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்காக, வேலையை மெயின் திரெட்டிடம் கொடுத்துவிட்டு முடியும்வரை காத்திருக்கும் இன்வோக் போட்டிருந்தார்கள். மூடும்போது மெயின் திரெட் போர்ட்டை குளோஸ் பண்ணிவிட்டு ஈவென்ட் முடியட்டும் என்று நிற்கிறது, ஈவென்ட்டோ இன்வோக் வழியாக மெயின் திரெட்டுக்காக நிற்கிறது. இரண்டு பேரும் நீ முதலில், நீ முதலில் என்று வாசலிலேயே நின்றால் யார் உள்ளே போவது? காத்திருக்காமல் கொடுத்துவிட்டுப் போகும் பிகின்இன்வோக் என்று மாற்றினேன், தீர்ந்தது.

சீரியல் கேபிளை யுஎஸ்பியில் செருக கன்வெர்ட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. கடையைக் கழுவும்போது பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினால் காம் போர்ட் நம்பர் (அந்த இணைப்புக்கு விண்டோஸ் வைக்கும் எண்) மாறலாம். செட்டிங்கில் நம்பரை மாற்ற வசதி வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் எட்டு மணிக்கே "தராசு செத்துப் போச்சு" என்று போன் வரும்.

அம்பை அக்கா:

எங்களுக்கு வந்தது தேதிப் பிரச்சினை, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில். நெல் கொள்முதல் ரிப்போர்ட் மாத முதல் வாரத்தில் எடுத்தால் தப்பு, மாதக் கடைசியில் எடுத்தால் சரி. கணக்கப்பிள்ளை "அமாவாசைக்கு அமாவாசை இப்படித்தான்" என்றே முடிவு கட்டிவிட்டார்.

அக்சஸ் டேட்டாபேஸைப் படித்து எழுதும் ஜெட் என்ஜினுக்கு ஹாஷ் (#) குறிக்குள் தேதியைக் கொடுத்தால், நம்ம விண்டோஸில் எந்த முறை வைத்திருந்தாலும் அதை மாதம்/நாள் என்றுதான் முதலில் படிக்கும். 05/02 என்றால் பிப்ரவரி 5 இல்லை, மே 2. ஆனால் 13/02 கொடுத்தால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் தானாகவே திருப்பி நாளாக எடுத்துக்கொள்ளும். அதனால் 13-ஆம் தேதியிலிருந்து எல்லாம் சரியாக நடக்கும். சத்தமாக உடைந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், இது பாதி நாள் நல்லபிள்ளை மாதிரி நடந்துகொள்வதுதான் எரிச்சல். குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் வரியில்) தேதியை ஒட்டவைக்காமல் பாராமீட்டராக, அதாவது தனி மதிப்பாக, அனுப்புங்கள், முடியாவிட்டால் ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விபியின் ரவுண்ட், டாட்நெட்டின் மேத் ரவுண்ட் இரண்டும் முழு எண்ணாக்கும்போது சரிபாதியாக வந்தால் இரட்டை எண் பக்கம் போகும். 12.5 கொடுத்தால் 12, 13.5 கொடுத்தால் 14. எக்செலோ 12.5-ஐ 13 என்று காட்டும். ஜிஎஸ்டி சட்டம் 170-ஆவது பிரிவும் ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ என்றால் அடுத்த ரூபாய் என்கிறது. கணக்கப்பிள்ளை எக்செலையும் புரோகிராமையும் பக்கத்தில் வைத்து ஒரு ரூபாய் உதைக்குது என்று சொன்னால் அவரை முறைக்காதீர்கள். டாட்நெட்டில் 'அவே ஃப்ரம் ஜீரோ' என்று சேர்த்துக் கொடுத்தால் சரியாகும்.

டவுன்வாசி அண்ணன்கிட்ட ஒரு கேள்வி. அந்தப் பாத்திரக்கடையில் பேக்கப்பே எடுக்கவில்லையா?

டவுன்வாசி:

எடுத்தார்கள் அக்கா, தினம் ராத்திரி தவறாமல். டெஸ்க்டாப்பில் ஒரு பேட்ச் ஃபைல், தட்டினால் புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து டேட்டாபேஸைப் பென் டிரைவுக்குக் காப்பி பண்ணும். பேட்ச் ஃபைலை ஓட்டுகிற சிஎம்டி விண்டோஸின் சொந்தப் புரோகிராம், அதற்கு இந்த விர்ச்சுவல்ஸ்டோர் சமாளிப்பு கிடையாது. அதனால் அசல் கோப்பைத்தான் எடுத்திருக்கிறது, முதல் நாள் வைத்த அதே கோப்பை, ராத்திரிக்கு ராத்திரி. பென் டிரைவில் வரிசையாக ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் தேதி போட்டு, உள்ளே திறந்தால் எல்லாம் ஒரே சைஸ், மாற்றிய தேதியும் ஒன்றே.

இப்போது பேட்ச் ஃபைலில் புதுப் பாதையைப் போட்டாயிற்று. காப்பி ஆனதும் கோப்பின் கடைசி மாற்றத் தேதியைத் திரையில் காட்டி ஒரு விசையைத் தட்டும்வரை நிற்கும்படியும் செய்திருக்கிறேன். அண்ணாச்சி அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் ஷட்டரை இழுக்கிறார்.