யாரும் தொடாமலே வெடிச்ச ஷவர் கண்ணாடி: உங்க வீட்ல நடந்திருக்கா?

வேளச்சேரிக்காரன்:

போன ஞாயித்துக்கிழமை காலைல ஏழரை மணி இருக்கும். பாத்ரூம் ஷவர் பார்ட்டிஷன் வெடிச்சிடுச்சு. 8 எம்எம் டஃபன்ட், அதாவது சூடாக்கிப் பலப்படுத்தின கண்ணாடி, போட்டு ரெண்டேகால் வருஷம் ஆகுது. உள்ள யாரும் குளிக்கல, கீசர் கூட போடல. என் பையன் மட்டும் வாஷ்பேசின்ல பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தான். ஒன்பது வயசு.

நான் ஹால்ல பேப்பர் பார்த்துக்கிட்டிருந்தேன். வீட்டுக்குள்ளயே லட்சுமி வெடி வெச்ச மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா தரை பூரா கல்கண்டு கொட்டின மாதிரி கண்ணாடி. பிரஷ்ஷ வாயில வெச்சபடியே அசையாம நிக்கிறான். என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல. "என்னத்தடா தூக்கி அடிச்ச?"ன்னு கத்தி, தோளப் புடிச்சு உலுக்கிட்டேன். "நான் ஒண்ணுமே பண்ணலப்பா"ன்னு ஒரே ஒரு தடவ சொன்னான். அப்புறம் அவன் வாயத் தொறக்கல.

கூட்டி அள்ளி முறத்துல வெச்சப்புறமும், கட்டியா ஒட்டியிருந்த துண்டுங்க பொரி வறுக்கிற மாதிரி டிக் டிக்னு உடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு, இது அடிச்சுத்தான் உடைஞ்சுதான்னு. மாட்டினவருக்கு ஃபோன் போட்டா, "பசங்க ஏதாவது எறிஞ்சிருப்பாங்க சார், டஃபன்ட் தானா உடையாது"ன்னு முடிச்சிட்டார். ராத்திரி உக்காந்து தேடினப்பதான், டஃபன்ட் தானா வெடிக்க ஒரு காரணமான நிக்கல் சல்ஃபைடு பத்திப் படிச்சேன்.

இப்ப பையன் அந்த பாத்ரூம் பக்கமே போறதில்ல. எங்க பாத்ரூம்ல பக்கெட் வெச்சுக் குளிக்கிறான். வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா? திரும்ப என்ன கண்ணாடி போடுறது?

கண்ணாடிக்கடை அண்ணாச்சி:

22 வருஷமா இந்தத் தொழில்தான் சார். தானா உடையாதுன்னு சொன்னவர் சொன்னது தப்பு. ஆனா எல்லாத்தையும் நிக்கல் தலையில கட்டுறதும் சரியில்ல.

என் கதையச் சொல்றேன். ஒரு துணிக்கடைக்கு 12 எம்எம் டஃபன்ட் கதவு, ஏழடிக்கு மூணடி. 58 கிலோவுக்கு மேல வரும். நானும் கடைப் பையனும் தூக்கிட்டுப் போறோம். கதவு சுழல தரையில பதிக்கிற ஃப்ளோர் ஸ்பிரிங் வேலை கொஞ்சம் பாக்கி, அதனால அவன் தன் பக்கத்து மூலையக் கட்டை போடாம வெறும் டைல்ஸ் மேல இறக்கிட்டான். வேகமா இல்ல, மெதுவாத்தான். அடுத்த நொடி என் கையில கண்ணாடியக் கவ்வுற ரெண்டு உலோகப் பிடி (பேட்ச் ஃபிட்டிங்) மட்டும் இருக்கு. நடுவுல கண்ணாடியே இல்ல. நடுவுல ஓங்கிக் குத்தினாக்கூடத் தாங்குற கண்ணாடி, மூலையில ஒரு டைல்ஸ் பொடி உறுத்தினதுக்குப் போயிடுச்சு.

காரணம் இதுதான். சாதாக் கண்ணாடிய 600 டிகிரிக்கு மேல காய்ச்சி, ரெண்டு பக்கமும் காத்தடிச்சுச் சட்டுனு ஆற வைப்பாங்க. மேல்தோல் முதல்ல இறுகிடும். உள்பக்கம் அப்புறம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும், தோல் விடாது. ஆக மேல அழுத்தம், உள்ள இழுவிசை. அதனாலதான் சாதாவைவிட நாலஞ்சு மடங்கு பலம். அந்தத் தோல் ஒரு இடத்துல கிழிஞ்சாலும் உள்ள இருக்கிற இழுவிசை மொத்தமா அவுந்துடும். அதனால ஓட்டை, கட்டிங், எட்ஜ் பாலிஷ் எல்லாம் சூளைக்குப் போறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். "மாட்டும்போது ஒரு நூல் அளவு தேய்ச்சுக்கலாம்"னு யாராவது சொன்னா அவரை அனுப்பிடுங்க.

நிக்கல் சமாச்சாரமும் உண்மைதான். உருக்கும்போது உள்ள மாட்டுற கண்ணுக்குத் தெரியாத சின்னக் கல் அது. சூளைச் சூட்டுல ஒரு வடிவத்துல இருக்கும். சட்டுனு ஆற வெக்கிறதால பழைய வடிவத்துக்குத் திரும்ப நேரம் கிடைக்காது. அப்புறம் மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல, மெல்லத் திரும்பும். திரும்பும்போது 2லேர்ந்து 4 சதவீதம் வரைக்கும் பருக்கும். கண்ணாடி நடுவுல, இழுவிசை இருக்கிற இடத்துல அந்தக் கல் இருந்தா கதை முடிஞ்சுது.

ஆனா நான் போய்ப் பார்த்ததுல பாதிக்கு மேல மாட்டின குறைதான். கீல் நடுவுல ரப்பர் கேஸ்கெட் இல்லாம திருகை இறுக்குறது. கதவு மூலை தினமும் சுவத்து டைல்ஸ்ல இடிக்கிறது. கீழ இடைவெளி விடாம தரையிலேயே நிக்க வெக்கிறது. முதல்ல உங்க கீலைக் கழட்டிப் பாருங்க, உலோகம் நேரா கண்ணாடியத் தொட்ட தடம் இருக்கான்னு.

நிக்கல்தானான்னு பார்க்க ஒரு வழி உண்டு. உடைஞ்சது ஃப்ரேம்லயே நின்னிருந்தா, விரிசல் கிளம்பின இடத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பெரிய ஆறுமூலைத் துண்டு இருக்கும், பட்டாம்பூச்சி றெக்கை மாதிரி. ரெண்டும் சேர்ற கோட்டுல கரும்புள்ளி. மொத்தமாக் கொட்டிட்டா கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

திரும்பப் போடும்போது மூலையில ஐஎஸ் 2553 எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. ஹீட் சோக் பண்ணினதான்னு கேளுங்க. மறுபடி 260, 290 டிகிரில மணிக்கணக்கா வேக வெச்சு, உடையிறதை ஃபேக்டரியிலேயே உடைய விட்டுடுவாங்க. காசு கூடுதல்தான். இன்னும் நிம்மதி வேணும்னா 4+4 லேமினேட்டட், அதாவது ரெண்டு 4 எம்எம் கண்ணாடி, நடுவுல 0.76 எம்எம் பிவிபி பிளாஸ்டிக் சவ்வு. உடைஞ்சாலும் அந்தச் சவ்வு துண்டுகளைப் புடிச்சு வெச்சுக்கும்.

மேற்குப்பார்த்த வீடு, கோவை:

எங்களோடது டஃபன்ட் இல்லீங்க, சன்னலுக்குப் போட்ட சாதா 5 எம்எம் ப்ரௌன் டின்ட். மேற்கு வெயில் தாங்காம உள்பக்கம் சன் ஃபிலிம் ஒட்டினோம், அது மேல கனமா ஒரு திரை வேற. ஒட்டின மூணாவது வாரம் சாயங்காலம் நாலு மணிக்கு நான் கட்டில்ல உக்காந்து துணி மடிச்சுட்டு இருந்தனுங்க. டிங்குனு ஒரு சின்னச் சத்தம். திரைய விலக்கிப் பார்த்தா, அலுமினிய ஓரத்துல இருந்து ஒரு விரற்கடை நேரா வந்து, அப்புறம் ஆத்துக்கோடு மாதிரி வளைஞ்சு மேல வரைக்கும் ஒரு கீறல். சன்ஷேடு நெழல் அந்தக் கண்ணாடிய சரிபாதியா வெட்டியிருந்தது. கை வெச்சுப் பார்த்தேன். கீழ் பாதி தோசைக்கல்லு மாதிரி, ஃப்ரேம் ஓரம் சாதாரணமா இருந்துது.

நடு சூடாகி விரியுது, ஃப்ரேமுக்குள்ள இருக்கிற ஓரம் விரிய மாட்டேங்குது, அதுதான் காரணம்னு பின்னாடி ஒரு இன்ஜினியர் தம்பி சொன்னாப்ல. டின்ட் ஏற்கெனவே வெயிலைக் குடிக்கும், ஃபிலிம் அதை இன்னும் கூட்டும், திரை அந்தச் சூட்டை உள்ள விடாமப் புடிச்சு வெச்சுக்கும். ஃபிலிம் ஒட்டுறவர் கண்ணாடி என்ன வகைன்னு கேட்டிருக்கணுமுங்க. கேக்கல.

மேற்குல சன்னல் வெக்கிறவங்களுக்கு நான் சொல்றது: வெயில் கண்ணாடிக்கு வந்தப்புறம் தடுக்கிறதைவிட முன்னாடியே தடுக்கிறது மேலுங்க. வெளியில தடுங்க. தட்டி கட்டுங்க, நிக்க வெச்ச பலகை மாதிரி செங்குத்தா ஃபின் வைங்க, ஒரு வேப்பமரம் நடுங்க. வசதி இருந்தா ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல காத்து அடைச்ச டபுள் கிளேசிங், வெளிக் கண்ணாடியோட உள்முகத்துல சூட்டைக் குறைக்கிற லோ-ஈ பூச்சு. அதோட ஓரச் சீல் போனா நடுவுல ஆவி படியும், துடைக்கவே முடியாது, அதனால சீலுக்கு என்ன வாரண்டின்னு எழுத்துல வாங்குங்க. கட்டட வேலை முடியுற வரைக்கும் கண்ணாடிக்கு பாலித்தீன் மூடுங்க. சிமெண்ட் தண்ணி வழிஞ்சு காஞ்சா அது கண்ணாடிய அரிச்சுடும், எந்தத் திரவம் போட்டாலும் போகாது. எங்க வீட்டுப் படிக்கட்டுச் சன்னல்ல இன்னும் அந்த வெள்ளைக் கோடு இருக்குது.

ஏழாவது மாடி:

அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணை நான் ஒத்துக்க மாட்டேன். லேமினேட்டட்னா நிம்மதின்னு பொத்தாம்பொதுவா சொல்லக்கூடாது. என் பால்கனி கைப்பிடி முழுக்கக் கண்ணாடி, பில்டர் போட்டுக் கொடுத்தது. அதுல ஒண்ணுல விரிசல். ரெண்டு பக்கமும் டஃபன்ட் வெச்சு பிவிபி ஒட்டின லேமினேட்டட். ரெண்டு கண்ணாடியும் போயிருந்தது. கீழ கொட்டல, உண்மை. ஆனா நான் ஒரு விரலால தள்ளினேன், ஈரப் போர்வை மாதிரி வெளிப்பக்கம் சாஞ்சுது. அரைமணி நேரம் முன்னாடி என் பொண்ணு அதுல சாஞ்சு நின்னு கீழ ஐஸ்காரரைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. அந்த விரல் உணர்ச்சி இன்னும் போகல.

கைப்பிடிக்கு பிவிபிய விட விறைப்பான எஸ்ஜிபி நடுச்சவ்வு கேளுங்க, இல்லன்னா கண்ணாடி மேல தனியா ஒரு ஸ்டீல் கைப்பிடி ஓடணும். அப்பதான் கண்ணாடி போனாலும் பிடிக்க ஒண்ணு இருக்கும். மழை படுற இடத்துல ஓரம் தெரியிற மாதிரி விட்டா சவ்வு வெளுத்துப் பிரியவும் செய்யும்.

கண்ணாடிக்கடை அண்ணாச்சி:

@ஏழாவது மாடி, சார், நான் சொன்னது ஷவருக்கு. பால்கனிக்கு நீங்க சொல்றதுதான் சரி. ஒத்தை டஃபன்டை உயரத்துல கைப்பிடியா வெக்கிறவங்களை நானும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். அது வெடிச்சா அந்த இடமே திறந்து கிடக்கும், கீழ நடந்து போறவங்க தலையிலயும் கொட்டும்.

தஞ்சாவூர் மருமகள்:

வெடிச்ச கதை இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாமாவுக்கு 74 வயது. ஸ்கேன் எடுக்கப் போயிருந்தோம். நான் பில் கட்டும் இடத்தில் நிற்கிறேன், மாமா வெளியே கார் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். சத்தம் கேட்டுத் திரும்பினால், நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், எதிரே ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது. காற்றில் தொங்குவது போல மூன்று விபூதிக் கோடு. அவர் நெற்றி கண்ணாடியில் பதிந்திருந்தது. அந்தக் கோடு விழுந்த பிறகுதான் அங்கே ஒரு கண்ணாடிச் சுவர் இருப்பதே என் கண்ணுக்குத் தெரிந்தது.

டஃபன்ட் என்பதால் உடையவில்லை, புடைப்போடு போயிற்று. பழைய சாதாக் கண்ணாடியாக இருந்திருந்தால் கத்தி போல நீளமாக உடைந்திருக்கும். எனக்கு ஆறாதது வேறு. ஐஸ் வைக்கக் கேட்டேன், அது வருவதற்கு முன்னால் ஒரு அம்மா துணியோடு வந்து அந்த மூன்று கோட்டையும் துடைத்து முன்னைவிடப் பளபளப்பாக ஆக்கிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொன்ன வேலை அது. பளபளப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் ஒரு பட்டை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாமே? தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஒன்று, ஒன்றரை மீட்டரில் ஒன்று. குழந்தைக்கும் தெரியும், பெரியவருக்கும் தெரியும்.

அடையாறு கரை:

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்க ஃப்ளாட்ல பெரிய ஸ்லைடிங் சன்னல், நாலு எம்எம் பிளைன். மத்தியானம் காத்து ஏற ஏற, கண்ணாடி உள்ளயும் வெளியயும் வளையுறது கண்ணுக்கே தெரிஞ்சுது. நான் முட்டாள்தனமா உள்ளங்கைய வெச்சு அமுக்கிப் புடிச்சேன். மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு. அம்மா பின்னாடி இருந்து சட்டையப் புடிச்சு இழுத்தாங்க. இழுத்து ஒரு நிமிஷம்கூட ஆகல, அந்தப் பலகை வெளிப்பக்கமா புடுங்கிக்கிட்டுப் போச்சு. உள்ள தள்ளும்னுதான் நினைச்சிருந்தேன். காத்து சுவரைச் சுத்திப் போகும்போது ஓரத்துலயும் பின்பக்கமும் உறிஞ்சும்னு அப்ப தெரியாது.

செல்லோடேப்ப பெருக்கல் குறி மாதிரி ஒட்டியிருந்தோம். ஒரு பிரயோஜனமும் இல்ல. டேப் பலம் குடுக்காது, துண்டைப் பெருசு பெருசா சேர்த்துத்தான் விழ வெக்கும். புயல்னா கண்ணாடிய விட்டுத் தள்ளி உள் ரூமுக்குப் போயிடுங்க.

செட்டிநாட்டுப் பேரன்:

எல்லாரும் பயத்தைச் சொல்றீங்க, அதனால ஒண்ணு. ஆயா வீட்டு முகப்புல நிலைக்கு மேல பச்சை, சிவப்பு, நீலத்துல கலர்க் கண்ணாடி. சிவப்பு ஒண்ணு உடைஞ்சப்போ அதே சிவப்பு எங்கயும் கிடைக்கல, ஃபிலிம் ஒட்டின கண்ணாடி வெச்சோம். காலைல தரையில விழுற வெளிச்சத்துல அந்த ஒரு கட்டம் மட்டும் மங்கலா விழும். ஆயா கடைசி வரைக்கும் அந்தக் கட்டத்துல கால் வெக்காம சுத்திப் போவாங்க. ஏன்னு நான் கேட்டதே இல்ல.

வேளச்சேரிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி, கீலைக் கழட்டிப் பார்த்தேன். கேஸ்கெட் இருக்கு, உலோகம் தொட்ட தடம் இல்ல. கண்ணாடி முழுக்கக் குப்பைல போயாச்சு, அந்தப் பட்டாம்பூச்சியப் பார்க்க வழியில்லன்னு வீட்டம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்.

பையன் எழுந்து போய் ஜியாமெட்ரி பாக்ஸைக் கொண்டு வந்தான். உள்ள பேப்பர்ல மடிச்சு ஏழெட்டுத் துண்டு. அன்னிக்கு நான் கூட்டுறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிருக்கான். அதுல ஒண்ணு மத்ததைவிடப் பெருசு, ஆறு மூலை மாதிரித்தான் தெரியுது. லைட்ல புடிச்சுப் பார்த்தோம், ஒரு ஓரத்துல பொட்டு மாதிரி ஏதோ இருக்கு, புள்ளியா அழுக்கான்னு தெரியல. "இன்னொரு றெக்கை தண்ணி போற ஜாலிக்குள்ள இருக்கும்ப்பா"ன்னான். அவனேதான் முன்னாடி போய் அந்த பாத்ரூம் கதவைத் தொறந்தான். நான் அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். தலையாட்டிட்டு டார்ச் கேட்டான். இப்ப ரெண்டு பேரும் ஜாலியைக் கழட்டி உக்காந்திருக்கோம்.

கண்ணாடிக்கடை அண்ணாச்சி:

கையுறை போட்டுக்கிட்டுத் தேடுங்க சார். தம்பிக்குச் செருப்பு மாட்டி விடுங்க. ஜாலிக்குள்ள இருக்கிற சின்னத் துண்டு தண்ணில தெரியாது.