கோயிலின் பெயரும் நாங்களும்: சில அனுபவங்கள்

பட்டர்வொர்த் வாசகி:

எங்கள் வீட்டில் யாரும் 'சர்ச்சுக்குப் போகிறோம்' என்று சொல்ல மாட்டார்கள். 'அன்னம்மாகிட்ட போயிட்டு வர்றோம்' என்பார்கள். மலேசியாவில், பினாங்கு மாநிலத்து புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்தைத்தான் சொல்கிறேன். 2019-இல் அதற்குப் பசிலிக்கா தகுதி, அதாவது போப்பாண்டவர் சில ஆலயங்களுக்குத் தரும் சிறப்புப் பட்டம், கிடைத்தது, எல்லோருக்கும் பெருமைதான். ஆனாலும் பசிலிக்காவுக்குப் போகிறோம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்னாள் மரியாளின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. பைபிளில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு பழைய நூல் வழியாகத்தான் அவர் கதை நமக்கு வந்தது. பிள்ளை இல்லாமல் வயதாகி, பேச்சுக்கு ஆளாகி, அழுது மன்றாடிய பிறகு மரியாளைப் பெற்றவர்.

என் அத்தைக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. புகுந்த வீட்டில் நேராகக் கேட்க மாட்டார்கள். வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள். அத்தை ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மாதாகிட்ட இதைச் சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சும்மா. அன்னம்மாகிட்ட அப்படி இல்ல. அவங்க பட்டவங்க."

அத்தைக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் இப்படிப்பட்ட இடங்களில் வரம் கிடைத்தவர்கள் கதை மட்டும்தான் வெளியே வரும். ஜூலை 26 திருநாள் வந்தால் அத்தை இன்றும் முதல் ஆளாகக் கிளம்புவார். சீனர்கள், இந்துக்கள் என்று கூட்டம் நெரியும். 1888-இல் கட்டிய பழைய கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் பெரிய கோயிலுக்கு வருவார். "அதான் ஒண்ணும் கிடைக்கலையே அத்தை, இன்னும் ஏன்?" என்று என் தம்பி கேட்டுவிட்டான். "கிடைக்காதவளுக்கும் ஒரு பாட்டி வேணும்லடா" என்றார். அந்தப் பெயரில் ஒரு கோயில் இல்லாமல் போயிருந்தால் அத்தை யாரிடம் போய் உட்கார்ந்திருப்பார் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

செந்தூல் அண்ணன்:

உங்கள் அத்தை சொன்னதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது, தங்கச்சி. நாங்கள் கோலாலம்பூர் ஜாலான் ராபர்ட்சன் அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபம் எங்களுக்கு விடுபடாது. 1231-இல் அந்தோணியாரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து வந்த வழக்கம் அது.

தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருபவர் என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும். எங்கள் அம்மாவுக்கு அது சாவி, மோதிரம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அம்மா பிறந்த ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தை இடித்தபோது, அவருடைய பிறப்புப் பத்திரம் காணாமல் போனது. பத்திரம் இல்லாமல் எந்த ஆபீசிலும் வேலை நடக்கவில்லை. அம்மா செவ்வாய்தோறும் போய் ஒரே ஒரு வேண்டுதல்தான் வைப்பார். அப்புறம் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் மூலமாகத் விசாரித்ததில் தோட்டத்துப் பழைய கிராணிக்கு (கணக்கருக்கு) ஞாபகம் வந்து, அவர் வீட்டுத் தகரப்பெட்டியில் அந்தப் பத்திரம் இருந்தது. "அந்தோணியார்தான் கிராணி மனசுல புகுந்து ஞாபகப்படுத்தினாரு" என்று அம்மா இன்றும் சொல்வார். நானும் அதை நம்புகிறேன்.

அப்பாவுக்கு அந்தோணியார் வேறு மாதிரி. லிஸ்பனில் பிறந்தவர், வேதம் போதிக்க மொராக்கோ போனார், காய்ச்சலில் விழுந்தார். ஊர் திரும்பும்போது காற்று கப்பலை இத்தாலியின் சிசிலித் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்குள்ள பதுவை நகரின் பெயரில் பதுவை அந்தோணியாராக ஆனது அதற்குப் பிறகுதான். எங்கள் தாத்தா கொஞ்ச வருஷம் சம்பாதித்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம் என்றுதான் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். திரும்பவே இல்லை. "வந்து சேர்ந்த இடத்துலதான் ஆண்டவர் வேலை வச்சிருக்காரு, அந்தோணியாரைப் பாரு" என்பார் அப்பா.

பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன்:

நாங்கள் புராட்டஸ்டன்ட் பிரிவான லுத்தரன் சபை. எங்கள் சபையில் புனிதர்களிடம் வேண்டுதல் வைக்கும் வழக்கம் கிடையாது. ஆலயத்தின் பெயர் சீயோன், எருசலேமில் உள்ள மலை. எங்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததில்லை. தமிழ்நாட்டுத் தரங்கம்பாடி மிஷன் வழியில் வந்த தமிழ் லுத்தரன் குடும்பங்கள் பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்து, இங்கே அந்தப் பெயரை வைத்தார்கள். பாபிலோன் ஆற்றங்கரையில் சீயோனை நினைத்து அழுதவர்களைப் பற்றிய 137-ஆம் சங்கீதத்தை வாசிக்கும்போது, வைத்தவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. சரி, எனக்கு அழுகை இல்லை, நான் இங்கேயே பிறந்தவன். எனக்குப் பிடித்தது 128-ஆம் சங்கீதம். கர்த்தர் சீயோனிலிருந்து ஆசீர்வதிப்பார், பிள்ளைகளின் பிள்ளைகளைக் காண்பாய் என்று வரும். எங்கள் கல்யாணத்தில் போதகர் வாசித்தது.

மகள் படிக்க ஆஸ்திரேலியா போனபோது, அங்கே சபை கிடைக்குமா என்று அவள் அம்மாவுக்கு ஒரே கவலை. முதல் ஞாயிறே வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள், ஒரு பெயர்ப் பலகை. "அப்பா, இங்கயும் சீயோன் லுத்தரன் இருக்கு, பஸ்ல போயிடலாம்."