மழை பெய்தால் மின்சாரம் பாயும் தெருவிளக்குக் கம்பம்: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: படித்துறைத் தெருவாசி

அனைவருக்கும் வணக்கம். காவிரிக் கரையில் உள்ள ஒரு சிறிய நகரத்தில் வசிக்கிறேன். எங்கள் தெரு நேரே படித்துறையில் போய் இறங்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் விடியற்காலை நாலரை மணியிலிருந்தே துலா நீராடப் போகிறவர்களும், நீராடிவிட்டு ஈரத்துணியோடு வெறுங்காலில் திரும்புகிறவர்களுமாகத் தெரு நிறைந்திருக்கும். அந்தத் தெருமுனையில் ஒரு பழைய இரும்புக் கம்பம் நிற்கிறது. அதில் இடுப்பளவு உயரத்தில் தெருவிளக்குக்கான சுவிட்சுப் பெட்டி இருக்கிறது. அதற்குக் கதவு இல்லாமல் போய் இரண்டு வருடமாகிறது. உள்ளே ஃபியூஸ் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியை முறுக்கி விட்டிருக்கிறார்கள். இணைப்பின் மேல் சுற்றிய கறுப்பு டேப் வெயிலில் பசை விட்டுப் பிரிந்து தொங்குகிறது.

சென்ற வாரம் வியாழக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில் நல்ல மழை. பக்கத்துத் தெரு அம்மாளின் பசு வழக்கம்போல் அந்தக் கம்பத்தில் கழுத்தைத் தேய்க்க வந்தது. தேய்த்த மாத்திரத்தில் நான்கு கால்களும் விறைத்து அப்படியே சாய்ந்தது. அந்த அம்மாள் அலறிக்கொண்டு பசுவைப் பிடிக்க ஓடினார். என் மனைவி அவருடைய புடவைத் தலைப்பைப் பற்றி இழுத்து நிறுத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. எதிர்வீட்டுப் பையன் காய்ந்த மூங்கில் கழியால் பசுவின் கழுத்தைக் கம்பத்திலிருந்து நெட்டித் தள்ளினான். பசு பிழைத்துக்கொண்டது.

மறுநாள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். தெருவிளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு என்றார்கள். உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனால், கம்பம் வாரியத்துடையது என்றார்கள். இரண்டு நாள் கழித்து ஒருவர் நடுப்பகலில் வந்து, டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, கசிவு எதுவும் இல்லை என்று சொல்லிப் புதிய டேப் சுற்றிவிட்டுப் போனார். அன்றிரவே மீண்டும் மழை. ஏன் மழையில் மட்டும் இப்படி நேர்கிறது? பொறுப்பு உண்மையில் யாருடையது? சரிசெய்யப்படும் வரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வு பெற்ற மின்பணியாளர், தஞ்சாவூர் மாவட்டம்

ஐயா, முதலில் அந்த டெஸ்டர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தெருக்களில் செல்லும் தாழ்வழுத்த லைனில் மூன்று ஃபேஸ் கம்பிகள், ஒரு நியூட்ரல் கம்பி ஆகியவற்றோடு, பல இடங்களில் தெருவிளக்குக்கென்று தனியாக ஒரு கம்பியும் ஓடும். அந்தக் கம்பியில் விளக்கு எரியும் நேரத்தில் மட்டுமே மின்சாரம் இருக்கும். நடுப்பகலில், வெயிலில் காய்ந்து கிடக்கும் கம்பத்தில் டெஸ்டர் வைத்துப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அந்தச் சோதனைக்கு மதிப்பே கிடையாது. மாலையில் விளக்குப் போட்ட பிறகு, உரிய பாதுகாப்புக் கையுறையுடன், மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களோ தெருப் பிள்ளைகளோ புறங்கையால் தொட்டுப் பார்க்கும் வேலை ஒருபோதும் வேண்டாம்.

மழையில் மட்டும் ஏன் என்று கேட்டீர்கள். பிரிந்த டேப்புக்கும் இரும்புக்கும் இடையில் காய்ந்த காற்று இருக்கும் வரை மின்சாரம் தாண்டாது. ஈரமும் தூசியும் சேர்ந்துவிட்டால் அதுவே பாதையாகிவிடும். ஆனால் உண்மையான குற்றம் கசிவில் மட்டும் இல்லை, எர்த்தில், அதாவது கம்பத்தை நிலத்தோடு இணைக்கும் கம்பியில் இருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் கசிந்த மின்சாரம் பெருமளவில் நிலத்துக்குள் பாய்ந்து ஃபியூஸை எரித்துவிடும். கம்பம் செத்துப்போகும், ஆள் பிழைப்பார். உங்கள் ஊர்க் கம்பத்தில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்தோ, திருடப்பட்டோ போயிருக்கலாம். ஒரு கணக்குச் சொல்கிறேன். பழுதான எர்த்தின் தடை 40 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டுக்குப் பாயும் மின்னோட்டம் ஆறு ஆம்பியர்கூட இல்லை. 16 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு அசையாது. முறுக்கிவிட்ட வெறும் கம்பியோ எதற்குமே எரியாது. ஆகவே விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும், கம்பம் இரவு முழுவதும் உயிரோடு நிற்கும். மனிதனுக்கோ 30 மில்லி ஆம்பியரே ஆபத்தான அளவு. நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், நீராடி வருகிறவர்கள் உலர்ந்த உடையில் நடப்பவர்களைவிடப் பல மடங்கு ஆபத்தில் இருக்கிறார்கள்.

மாடுகள் ஏன் முதலில் விழுகின்றன என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. கம்பத்தைத் தொடாவிட்டாலும், அதைச் சுற்றியுள்ள ஈரமண்ணில் ஓரடிக்கு ஓரடி மின்னழுத்தம் மாறும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். நடுவில் இருப்பது இதயம். இதனால்தான் தண்ணீரில் அறுந்த கம்பி கிடந்தால், காலோடு கால் ஒட்டியபடி சின்னச் சின்ன அடியாகத் தேய்த்து விலக வேண்டும் என்கிறோம், ஓடக் கூடாது.

எதிர்வீட்டுப் பையன் செய்தது சரிதான், ஆனால் அது தாழ்வழுத்தம் என்பதால் சரி. 11 ஆயிரம் வோல்ட் லைன் என்றால் காய்ந்த கழியும் காப்பாற்றாது. சப்ளையை நிறுத்தும் வரை யாரும் அருகில் போகக் கூடாது. இன்னொன்று: தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடுகிறார்களா என்று பாருங்கள். சாலை ஏற ஏறத் தரையிலிருக்கும் பில்லர் பெட்டிகள் (மின்விநியோகப் பெட்டிகள்) பள்ளத்தில் அமுங்கி, மழைநீர் உள்ளே புகுந்துவிடும். தலைக்கு மேலே செல்லும் கம்பியின் உயரமும் குறைந்துவிடும். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பிக்கு 5.8 மீட்டரும், உயரழுத்தக் கம்பிக்கு 6.1 மீட்டரும் குறைந்தபட்ச உயரமாக விதி கேட்கிறது. அடுத்த முறை தேர் வரும் தெருவில் இதை அளந்து பார்த்தால் பலர் திகைத்துப் போவார்கள். நம் மாவட்டத்துக் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசிப் பதினொரு பேர் இறந்ததை நாம் இன்னும் மறக்கவில்லை.

மறுமொழி: வழக்குரைஞர், திருவாரூர்

பெரியவர் தொழில்நுட்பத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பொறுப்பைப் பற்றி நான் சொல்கிறேன். விளக்கையும் அதன் இணைப்பையும் பராமரிப்பது பொதுவாக உள்ளாட்சி. கம்பமும் லைனும் பொதுவாக மின்பகிர்மானக் கழகத்தினுடையவை. ஆனால் இந்தப் பிரிவினை அவர்களுக்கு இடையிலான கணக்கு. அதைக் காட்டிப் பொதுமக்களைத் திருப்பி அனுப்ப இயலாது. ஒரே மனுவை இரண்டு அலுவலகங்களுக்கும் முகவரியிட்டு, ஒவ்வொன்றிலும் மற்றதற்கு நகல் அனுப்பப்பட்டிருப்பதைக் குறிப்பிட்டு, தேதி முத்திரையுடன் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். கம்பத்தின் எண், சம்பவ நாள், நேரம், கதவில்லாத பெட்டியின் புகைப்படம் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது நகலை மாவட்ட மின் ஆய்வாளருக்கு அனுப்புங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. ஆனால் மின்பாதுகாப்பு விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பது அந்த அலுவலகத்தின் பணி.

இதில் பசு விழுந்ததைச் சின்ன விஷயமாக எழுதிவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு மனித உயிரை மட்டும் பேசவில்லை. விலங்குக்கு நேர்ந்த காயத்தையும், உயிரிழப்பு நேர்ந்திருக்கக்கூடிய நிலையையும் சேர்த்தே, விபத்தைப் பற்றி உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் தெருவில் நடந்தது சட்டத்தின் கண்ணில் ஏற்கெனவே ஒரு விபத்து.

இழப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. மழைநீர் தேங்கிய சாலையில் இரவில் சைக்கிளில் வந்த ஒருவர் அறுந்து கிடந்த மின்கம்பியில் சிக்கி இறந்த வழக்கில், வேறு யாரோ மின்சாரம் திருடியதால் கம்பி அங்கே கிடந்தது என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 2002இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இவ்வளவு ஆபத்தான பொருளைக் கையாளுகிறவர், தம்முடைய கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அதன் சாரம். உங்கள் மனுவில் ஒரு வரியாக இதைச் சேர்த்தால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்கார்வார்.

மறுமொழி: பள்ளி ஆசிரியை, நாகப்பட்டினம்

வழக்குரைஞர் ஐயா சொன்ன மனு அவசியம்தான். ஆனால் மனு நகரும் வேகத்தில் மழை காத்திருக்காது. மழை பெய்து, விளக்கும் எரியும் நேரத்தில் முதலில் 94987 94987 என்ற மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) எண்ணை அழைத்து, "கம்பத்தில் மின்சாரம் பாய்கிறது" என்று சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியவில்லை என்பதுபோல் வேறு எதையும் அதோடு சேர்க்க வேண்டாம். புகாரின் தன்மையே மாறிவிடுகிறது. மனுவில் அந்தப் புகார் எண்ணை எழுதுங்கள்.

நாங்கள் கடலோரத்தில் இருக்கிறோம். இங்கே உப்புக்காற்று இரும்பைத் தின்னும். காங்கிரீட் கம்பத்திலும் விரிசல் வழியாகப் புகுந்து, உள்கம்பி துருவேறிப் பருத்து, மேற்பூச்சு பெயர்ந்து விழும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறிய பிறகு டெல்டா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவற்றை நட்ட பணியாளர்களை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். அவர்கள் நட்டதைப் பேணுவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

எங்கள் பகுதியில் நான் அதிகம் அஞ்சுவது ஸ்டே கம்பியைத்தான். கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் அந்தக் கம்பியில் மாட்டைக் கட்டுகிறார்கள், துணி உலர்த்துகிறார்கள், விளம்பரத் தட்டியைச் சாய்த்து வைக்கிறார்கள். அதன் நடுவே ஒரு பீங்கான் இன்சுலேட்டர் கோத்திருக்க வேண்டும். மேலே லைன் தொட்டாலும் கீழே மின்சாரம் இறங்காமல் தடுப்பது அது ஒன்றுதான். பள்ளிக்கு வரும் வழியில் உள்ள ஸ்டே கம்பிகளில் எவற்றில் அந்தப் பீங்கான் இல்லை என்று தள்ளி நின்று பார்த்து எழுதி வரும்படி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஏழு கம்பங்கள் வந்தன. பட்டியலைத் தலைமையாசிரியரின் கடிதத்தோடு கொடுத்தோம். ஐந்து சரிசெய்யப்பட்டன, இரண்டுக்காக இன்னும் நடக்கிறோம்.

மறுமொழி: படித்துறைத் தெருவாசி

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் பெரியவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி நேற்று மாலை மழையில், விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே மின்னகத்தை அழைத்தேன். முக்கால் மணி நேரத்தில் இருவர் வந்தார்கள். பகலில் பார்த்தபோது ஒன்றும் காட்டாத அதே கம்பத்தில் மீட்டர் 170 வோல்ட் காட்டியது. வந்தவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே அந்தக் கம்பத்தின் விளக்கு இணைப்பை மேலே ஏறித் துண்டித்துவிட்டார். அடியில் தோண்டிப் பார்த்தபோது எர்த் கம்பி ஒரு சாண் நீளத்தில் அறுந்து, நுனி மண்ணோடு மண்ணாக இருந்தது.

இணைப்பைத் துண்டித்ததால் தெருமுனை இப்போது இருட்டு. விடியற்காலையில் நீராடப் போகிறவர்கள் தடுக்கி விழாமல் இருக்க, எதிர்வீட்டார் தங்கள் திண்ணை விளக்கை நாலு மணிக்கே போட்டுவைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். புதிய பெட்டி, எர்த் குழி, முறையான ஃபியூஸ் ஆகிய மூன்றும் கேட்டு இரண்டு அலுவலகங்களுக்கும் மின் ஆய்வாளருக்கும் இன்று மனு கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். பசுவின் சொந்தக்காரரான அம்மாளும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார். தெருவில் இதே வயதுடைய இரும்புக் கம்பங்கள் இன்னும் நான்கு உள்ளன. அவற்றின் எண்களையும் மனுவில் சேர்த்திருக்கிறேன். கடைசிக் கம்பம் அங்கன்வாடியின் வாசலில் இருக்கிறது. அதை முதலில் பார்க்கும்படி கேட்டிருக்கிறேன்.