முகவரி மாறாட்டமும் ஆள்களச் சான்றும்: சில சொற்கள்

வணக்கம். மின்னஞ்சலில் அனுப்புநர் உண்மையானவரா என்று சோதிக்கும் முறைகளைப் பற்றிய கையேட்டுக்கு என்னென்ன தமிழ்ச் சொற்கள் வைக்கலாம் என்பது பற்றி என் கருத்து இது.

‘ஸ்பூஃபிங்’ என்பதற்கு ‘ஏமாற்று அஞ்சல்’ போதும் என்ற முன்மொழிவு எனக்கு ஒப்பவில்லை. ஏமாற்றும் அஞ்சலில் பல வகை உண்டு. பரிசு விழுந்திருக்கிறது என்று தன் சொந்த முகவரியிலிருந்து எழுதுகிறவனும் ஏமாற்றுகிறான்தான். ஸ்பூஃபிங் என்பது அடுத்தவர் முகவரியை அனுப்புநர் இடத்தில் போட்டுக்கொண்டு வருவது. ஆள்மாறாட்டம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொஞ்சம் திருப்பி ‘முகவரி மாறாட்டம்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அடுத்து ‘ஆதென்டிகேஷன்’, அதாவது அஞ்சல் சொல்லும் பெயரிலிருந்துதான் வந்ததா என்று சோதிப்பது. இதை ‘அங்கீகாரம்’ ஆக்கினால் பொருள் தப்பிவிடும். அங்கீகாரம் என்றால் ஏற்பு, ஒப்புதல். சோதனைகளில் தேறிய அஞ்சல் நல்ல அஞ்சல் என்று இங்கே யாரும் ஒப்புதல் தருவதில்லை. மோசடிக்காரன் ஒரு புது ஆள்களம் (டொமைன், முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வாங்கி, எல்லாப் பதிவுகளையும் ஒழுங்காகப் போட்டால் அவன் அஞ்சலும் தேறத்தான் செய்யும். நமக்குத் தெரிய வருவது ஒன்றே ஒன்று: அந்தப் பெயரில் வந்த அஞ்சல் அந்தப் பெயருக்கு உரியவரின் வழியாகவே வந்திருக்கிறது. அதனால் ஆள்கள உரிமையாளர் டி.என்.எஸ்.இல் (ஆள்களப் பெயர்களுக்கான பொதுப் பதிவேட்டில்) எழுதி வைப்பதை ‘ஆள்களச் சான்று’ என்றும், பெறும் வழங்கி (சர்வர்) அதைப் பார்த்து முடிவு செய்வதைச் ‘சான்று சரிபார்ப்பு’ என்றும் பிரித்துச் சொல்லலாம். செய்கிறவர்களே இரண்டு பேர் என்பதால் ஒரே சொல்லில் இரண்டையும் அடைப்பானேன்?

எஸ்.பி.எஃப்.ஐ ‘அனுப்புநர் கொள்கைச் சட்டகம்’ என்று விரிப்பது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. உண்மையில் அது ஒரு பட்டியல்: இந்தப் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்த வழங்கிகளுக்கு உரிமை உண்டு என்பது. ‘அனுப்புரிமைப் பட்டியல்’ என்பது என் தேர்வு. பட்டியலைச் சரிபார்க்கும்போது 10க்கு மேல் டி.என்.எஸ். தேடல் தேவைப்பட்டால் பிழையாகிவிடும் என்ற விதியையும் விளக்கக் குறிப்பில் சேர்த்துவிட வேண்டும். பல சேவைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அனுப்புகிற ஆள்களம் தன் ரகசியச் சாவியால் அஞ்சலில் இடும் மின்னொப்பமான டி.கே.ஐ.எம்.க்கு ‘ஆள்களக் கையொப்பம்’. இதில் விவாதிக்க எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

மெனக்கெட வேண்டிய சொல், இந்த இரண்டு சோதனைகளின் மேல் நிற்கும் டிமார்க் என்ற விதிமுறையில் வரும் ‘அலைன்மென்ட்’. ‘சீரமைப்பு’ என்று எழுதிப் பார்த்தால் சாலைப் பணி போல ஒலிக்கிறது. இதன் பொருளைப் பிடிக்க, ஓர் அஞ்சலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வழங்கிகள் தங்களுக்குள் பேசும்போது சொல்வது உறை முகவரி. நாம் திரையில் பார்ப்பது தலைப்பு முகவரி. எஸ்.பி.எஃப். பார்ப்பது உறையை மட்டும். எனவே உறையில் தன் ஆள்களத்தையும் தலைப்பில் உங்கள் ஆள்களத்தையும் எழுதி அனுப்புகிறவன், அனுப்புரிமைப் பட்டியல் சோதனையில் பிரச்சினையே இல்லாமல் தேறிவிடுவான். கையொப்பமும் அப்படியே, தன் ஆள்களத்தின் சாவியால் ஒப்பமிட்டால் ஒப்பம் செல்லும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் டிமார்க், தேறிய பெயரும் தலைப்பில் தெரியும் பெயரும் ஒன்றா என்று கேட்கிறது. இரண்டு சோதனைகளில் ஒன்றாவது இப்படிப் பொருந்தித் தேறினால் போதும். ஆகவே ‘பெயர்ப்பொருத்தம்’. பொருத்தம் என்றதும் யாராவது சிரிப்பார்கள், தெரியும். சிரித்துவிட்டு மறக்காமல் இருந்தால் சரி. துணை ஆள்களத்தையும் ஏற்பது தளர்ந்த பொருத்தம், அச்சு அசலாக அதே பெயரைக் கேட்பது கறாரான பொருத்தம்.

பொருந்தாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று ஆள்கள உரிமையாளர் சொல்லும் மூன்று நிலைகளுக்கும் ஏவல் வினைகளே அழகு: ‘கவனி’, ‘ஒதுக்கு’, ‘மறு’. முதல் நிலையின் ஆங்கில மதிப்பான ‘none’ஐ ‘ஒன்றுமில்லை’ என்று பெயர்த்தால், அது வீண் என்று எண்ணிப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த நிலையிலும், நம் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று பெறும் வழங்கிகள் தரும் அறிக்கைகள் வந்து சேரும். மாதாந்திரச் செய்திமடலை அனுப்பும் சேவை, ரசீது அனுப்பும் மென்பொருள் என்று நாமே மறந்துபோன அனுப்புநர்கள் எல்லாம் அவற்றில்தான் வெளிச்சத்துக்கு வருவார்கள். அவர்களைச் சரிசெய்யாமல் நேரே ‘மறு’வுக்குத் தாவினால் நம் அஞ்சலே திரும்பிவிடும். 2014இல் யாஹூ தன் ஆள்களத்துக்கு ‘மறு’ என்று அறிவித்தபோது, உலகெங்கும் மடற்குழுக்கள் தடுமாறின. யாஹூ பயனர் எழுதியதைக் குழுவின் வழங்கி பலருக்கும் மறுபடி அனுப்பும்போது பட்டியலிலும் பொருந்தாது. பொருள் வரியில் (சப்ஜெக்ட்) குழுவின் பெயரைச் சேர்த்திருந்தால் கையொப்பமும் உடைந்துவிடும். மாறாட்டம் எதுவும் இல்லாமலே மறுப்பு. 2024 முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் டிமார்க் கட்டாயம் என்கின்றன. அங்கேயும் ‘கவனி’ நிலை போதும்.

பதிவுக்குள் எழுதும் மதிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்க முடியும். அவற்றை மொழிபெயர்த்துப் போட்டால் வேலை செய்யாது என்பதையும் கையேட்டில் ஒரு வரி சொல்லிவிடுவோம்.

மிச்சம் இருப்பது ஆள்களக் கையொப்பத்தோடு வரும் ‘செலக்டர்’. ‘தேர்வி’ என்று ஒருவர் சொன்னது மோசமில்லை. ஆனால் அது எதையும் தேர்வதில்லை. கையொப்பத்தைச் சரிபார்க்க டி.என்.எஸ்.இல் வைக்கும் பல பொதுச்சாவிகளில் எது இந்த அஞ்சலுக்கு உரியது என்று காட்டும் பெயர், அவ்வளவுதான். ‘சாவிப்பெயர்’ என்று வைக்கலாமா? சாவியா திறவுகோலா என்ற பழைய சண்டை இதனால் மறுபடி கிளம்பும் என்றால், திறவுகோல்காரர்கள் மாற்றுச் சொல்லோடு வரட்டும்.