எடைக் கணக்கு குன்னூரிலா, கோவையிலா, இரண்டிலுமா? ஓப்பன்ஷிஃப்ட் சேமிப்பு பற்றி ஒரு விவாதம்

பர்லியார்:
குன்னூரைச் சுற்றியுள்ள சில தேயிலைத் தொழிற்சாலைகளின் பசுந்தேயிலை எடைக் கணக்கை ஒரே கன்டெய்னர் தளத்தில் (மென்பொருள்களைத் தனித்தனிப் பொதிகளாக இயக்கும் ஓப்பன்ஷிஃப்டில்) கொண்டுவரும் வேலை எங்கள் குழுவிடம் வந்திருக்கிறது. சேமிப்புக்கு அந்தத் தளத்துக்கான சேமிப்பு மென்பொருளான ஓப்பன்ஷிஃப்ட் டேட்டா ஃபவுண்டேஷன் போதும் என்பது என் முடிவு. அடித்தளம், தரவைப் பல சர்வர்களில் பரப்பி வைக்கும் செஃப்; கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்குள் அதை இயக்குவது ரூக் என்ற மென்பொருள். அண்மைப் பதிப்புகளில் இரு ஊர்களுக்கிடையே தரவைக் காக்கும் வசதிகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன. அவற்றில் மெட்ரோ முறையை எடுத்துக்கொண்டு குன்னூரிலும் கோவையிலும் ஒரே நேரத்தில் எழுதலாம் என்கிறேன். எந்த விவசாயியின் எடையும் தொலையாது.

கோத்தகிரிவாசி:
கடுமையாக மறுக்கிறேன். மெட்ரோ முறையில் இரு ஊர்களிலும் எழுதி முடித்த பிறகுதான் ஒரு பதிவு ஏற்கப்படும். இணைப்பு அறுந்தால் எந்தப் பக்கம் தொடர வேண்டும் என்பதைச் சர்வர்களின் பெரும்பான்மை தீர்மானிக்கிறது. அதற்காக மூன்றாம் இடத்தில் ஒரு நடுவர் நோட் (வாக்களிக்க மட்டும் இருக்கும் சர்வர்) வைக்கிறார்கள். உங்கள் நடுவர் எங்கே இருக்கப்போகிறது? அதுவும் சமவெளியில் என்றால், மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பர்லியார் பாதையில் மண் சரிந்து கேபிள் அறுந்த அந்தக் கணமே குன்னூர் சிறுபான்மை ஆகிவிடும். சர்வர்கள் நலமாக ஓடும், மின்சாரமும் இருக்கும், ஆனால் ஓர் எடையைக்கூடப் பதிய முடியாது. வாசலில் இலை மூட்டைகளோடு நிற்பவரிடம் என்ன சொல்வீர்கள்?

பர்லியார்:
தாமதம்தான் தடை என்று நீங்கள் சொல்லியிருந்தால் விடை எளிது. ஊர்களுக்கிடையே தரவு போய்வர 10 மில்லிசெகண்ட் வரை அனுமதி. குன்னூரிலிருந்து கோவை சாலை வழியாகவே ஏறத்தாழ 70 கிலோமீட்டர்; ஒளிக்கு அது ஒரு மில்லிசெகண்ட்கூட ஆகாது. நடுவரைப் பொறுத்தவரை, அதை ஊட்டியில் வைப்பேன். அதற்கு 100 மில்லிசெகண்ட் வரை தாமதம் இருக்கலாம், பெரிய டிஸ்க்கும் தேவையில்லை. மலைப்பாதை அறுந்தால் குன்னூரும் ஊட்டியும் பெரும்பான்மையாக நின்று வேலையைத் தொடரும்.

கோத்தகிரிவாசி:
ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரியாதா? 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊட்டி, குன்னூர் வட்டாரம் முழுவதும் துண்டுபட்டது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இங்கே கேபிள் ஓர் இடத்தில் மட்டும் அறுவதில்லை, ஒரே இரவில் பல இடங்களில் அறும். இன்னொன்றையும் யோசியுங்கள்: மலை முழுவதும் இருண்டால் குன்னூரும் நடுவரும் சேர்ந்தே போகும். அப்போது நலமாக இருக்கும் கோவையும் சிறுபான்மையாகி நின்றுவிடும். யாராவது கைவைத்துத்தான் எழுப்ப வேண்டும்.

அதனால் ரீஜனல் முறையைக் கேட்கிறேன். இரண்டு ஊர்களிலும் தனித்தனி க்ளஸ்டர் (சர்வர் தொகுதி). குன்னூர் தன் வேலையைத் தானே பார்க்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றங்கள் மட்டும் கோவைக்குப் போகும். பாதை அறுந்தால் நகல் பின்தங்கும், எடைபோடுதல் நிற்காது. கோவைக்கு மாறுவதா என்பதை மனிதர்கள் முடிவு செய்வார்கள்.

சமவெளி:
இடையில் ஒரு வார்த்தை. இந்தச் சேமிப்புக்கு மட்டும், மிகச் சிக்கனமான அமைப்பிலேயே, 24 சிபியுவும் 72 ஜிபி நினைவகமும் கேட்கிறார்கள். எடைக் கணக்கு சில ஜிபிதான் இருக்கும். ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதன் நகல் கோவையில். இது போதாதா?

பர்லியார்:
ஒரு தொழிற்சாலைக்குப் போதும். பல தொழிற்சாலைகளின் கணக்கு, ஏலப் பட்டியல், தரச்சோதனைப் படங்கள் எல்லாம் ஒன்றாக வரும்போது போதாது. கோத்தகிரிவாசிக்கு வருகிறேன்: சில நிமிடம் என்று எளிதாகச் சொல்கிறீர்கள். காலை நெரிசலில் அந்தச் சில நிமிடத்தில் எத்தனை சிறு விவசாயிகளின் எடை இருக்கும்! மாதக் கடைசியில் கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் வாங்குபவருக்கு ஒரு மூட்டை தவறினாலும் வலிக்கும். அந்த இழப்பை நான் ஏற்க மாட்டேன்.

கோத்தகிரிவாசி:
அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த எடை காகிதச் சீட்டிலும் இருக்கிறது, தராசின் நினைவகத்திலும் வைக்கலாம். திரும்ப ஏற்ற முடியும். பதியவே முடியாமல் நின்றுபோன காலையை எப்படித் திரும்ப ஏற்றுவது?

ரீஜனல் முறையில் உண்மையான ஆபத்து வேறு. தரவுத்தளத்தின் தரவு ஒரு வால்யூமிலும் (சேமிப்புப் பகுதியிலும்), மாற்றங்களைக் குறித்துவைக்கும் அதன் பதிவேடு இன்னொன்றிலும் இருந்து, இரண்டும் வெவ்வேறு நொடிகளில் நகலானால், கோவையில் திறக்கும்போது அவை ஒன்றோடொன்று பொருந்தாது. வால்யூம்களைக் குழுவாகச் சேர்த்து ஒரே நொடியில் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலைப்பதிவு) எடுக்கும் வசதிதான் எனக்குப் பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது. குபர்நெட்டிஸில் அது 2023-ல் 1.27 பதிப்பில் சோதனை நிலையில் நுழைந்து, 1.32-ல் பீட்டா ஆனது. மெட்ரோவைவிட இதைச் சோதிக்கத்தான் நேரம் செலவிடுங்கள்.

சமவெளி:
இரண்டு முறையிலும், யாராவது ஒரு அட்டவணையைத் தவறுதலாக அழித்தால் அந்த அழிப்பும் கோவைக்குப் போய்விடும். பேக்கப் தனியாக வேண்டும், வேறு கணக்கில், அழிக்க முடியாதபடி.

பர்லியார்:
அதில் எனக்கு மறுப்பில்லை, திட்டத்தில் சேர்க்கிறேன். மெட்ரோவை இன்னும் விடவில்லை. கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இரண்டாவது கேபிள் கிடைத்தால் உங்கள் முதல் வாதம் பாதி விழும்.

கோத்தகிரிவாசி:
கிடைத்தால் விழும், ஏற்கிறேன். ஆனால் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினாலும் இரண்டும் ஒரே குழாயில் இறங்கலாம். எந்தக் கொண்டை ஊசி வளைவில் எந்தக் கேபிள் போகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காகிதம் வரும்வரை ரீஜனல் முறையில் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் குன்னூரை வேண்டுமென்றே துண்டித்து, கோவையில் கணக்கு சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள்.