தசரா செட்டில் ‘ஆப்பிரிக்கக் காட்டுவாசி’ வேடம் கட்டலாமா?

உடன்குடிக்காரர்:
குலசை (குலசேகரன்பட்டினம்) முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, வேடம் கட்டிக் காணிக்கை பிரிக்கும் எங்கள் தசரா செட்டில், இளைஞர்கள் சிலர் உடம்பெல்லாம் கரி பூசி, உதட்டைத் தடித்த சிவப்பாக வரைந்து, சுருட்டை முடியும் எலும்பு மாலையுமாக ‘ஆப்பிரிக்கக் காட்டுவாசி’ வேடம் கட்ட விரும்புகிறார்கள். காளி வேடத்துக்கும் கருப்புதானே பூசுகிறோம் என்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது, காரணம் சொல்ல வரவில்லை.

பாளை வாசகர்:
அண்ணாச்சி, காளியின் கருமை கண்டவரை அஞ்சிக் கும்பிடச் செய்வது; விரதம் இருந்தே அதைக் கட்டுகிறார்கள். அந்தச் சிவப்பு உதடோ நம் கூத்தில் பிறந்ததன்று. 1830-களில் அமெரிக்காவில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசி, ‘ஜிம் க்ரோ’ என்னும் கறுப்பினப் பாத்திரமாக ஆடிப் புகழ் பெற்றார். அடிமைமுறை நடப்பில் இருந்த நாட்டில், கறுப்பின மக்களை மூடர்களாகவும் சோம்பேறிகளாகவும் காட்டிய அந்த ஆட்டம் பெருந்தொழிலாக வளர்ந்தது. பின்னாளில் இன ஒதுக்கல் சட்டங்களுக்கே அப்பெயர் ஒட்டிக்கொண்டது. பிபிசி கூட 1978 வரை இவ்வகை நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பி வந்தது. பொம்மையிலும் விளம்பரத்திலும் சினிமாவிலும் ஊர் ஊராகச் சுற்றிய அந்த முகத்தைத்தான் உங்கள் பிள்ளைகள், மூலம் அறியாமல், வரையப் போகிறார்கள்.

தென்காசியார்:
கடல் தாண்டுமுன் நம் வாசலையும் பார்க்க வேண்டும். குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி என்னும் குறத்தி தன் மலைவளத்தைத் தலைநிமிர்ந்து பாடுகிறாள். கோயில் கொடைவிழா மேடைகளில் நாம் பார்த்த குறவன் குறத்தி ஆட்டமோ அதே குறத்தியை இரட்டை அர்த்தப் பேச்சுக்கு இரையாக்கியது. குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபின், குறவர்களில் பல பிரிவினர் பிறவித் திருடர்களாகப் பதியப்பட்டார்கள். 1952-இல் நாடு முழுக்கவே சட்டம் போயிற்று, கேலி போகவில்லை. 2023-இல்தான் தமிழக அரசு அவ்வாட்டத்தைத் தடை செய்தது. ஆப்பிரிக்கர் வேண்டாம், தசராவில் பல்லில் கறை பூசிய குறத்தி வேடம் மட்டும் இருக்கட்டும் என்றால் அது என்ன நியாயம்?

ஏரல் பக்தர்:
இதை நான் முழுதாக ஏற்கவில்லை. குறத்தி வேடம் பலருக்கு நேர்த்திக்கடன். தன் செருக்கை விட்டு வீடு வீடாகக் கையேந்துவதற்காகக் கட்டுவது. கறையையும் கொச்சைப் பேச்சையும் நீக்கலாம், நேர்ச்சையை நீக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

உடன்குடிக்காரர்:
நன்றி. காட்டுவாசி வேடத்தை எங்கள் செட்டில் யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. கூட்டம் சிரிக்கும், காணிக்கை கூடும் என்பதே அவர்கள் கணக்கு. காப்புக் கட்டுமுன் இதைப் பேசி விடுகிறேன். குறத்தி வேடம் கட்டும் பெரியவரிடம் கறையைப் பற்றிச் சொல்வதுதான் கடினம்.