எட்மன்டன் குளிரில் வீட்டுக் கோழிகள்: புதிதாக வந்தவர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்

ஆகஸ்டில்தான் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள எட்மன்டனுக்கு வந்ததாகவும், வீட்டின் பின்புறம் நல்ல இடம் இருப்பதாகவும், ஊரில் அம்மா வளர்த்ததைப் போல நான்கு கோழிகள் வளர்க்க ஆசையாக இருந்தாலும் மைனஸ் 30 டிகிரியில் அவை விறைத்துப் போய்விடுமோ என்று அஞ்சுவதாகவும் ஒரு சகோதரி கேட்டிருந்தார். ஆறு குளிர்காலங்களை என் கோழிகளோடு இங்கேயே கடந்தவன் என்ற முறையில், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் குளிரைவிட ஈரத்துக்கே அதிகம் அஞ்ச வேண்டும். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். குளிர் கூடக் கூட அது இறகுகளை உப்பிக்கொண்டு, அடியிலுள்ள மென்தூவிகளுக்கிடையே காற்றைப் பிடித்துவைத்துத் தன்னைத் தானே போர்த்திக்கொள்ளும். உடம்பும் இறகும் காய்ந்திருக்கும் வரை இந்தப் போர்வை கைவிடாது. ஆனால் துளையெல்லாம் அடைத்த கூட்டுக்குள் அதன் மூச்சிலிருந்தும், பெரும்பகுதி நீராகவே இருக்கும் எச்சத்திலிருந்தும் இரவெல்லாம் நீராவி எழுந்துகொண்டே இருக்கிறது. வெளியேற வழியில்லாத அந்த ஈரம் கொண்டையிலும், அலகுக்குக் கீழே தொங்கும் தாடியிலும் படிந்து உறையும்போதுதான் பனிக்கடி உண்டாகிறது.

இதை நான் என் முதல் குளிர்காலத்தில் கண்ணால் கண்டு கற்றுக்கொண்டேன். நவம்பரில் முதல் பனி விழுந்ததுமே, பதறிப் போய்க் கூட்டின் துளைகளையெல்லாம் பஞ்சு நுரையால் அடைத்து, மேலே பழைய கம்பளிகளையும் போர்த்திவிட்டேன். டிசம்பரில் ஒரு நாள் விடியற்காலையில் டார்ச் விளக்கோடு கதவைத் திறந்தபோது, அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. கூரைப் பலகையிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வோர் ஆணியின் முனையிலும் வெள்ளைப் பூப்போல உறைபனி வளர்ந்திருந்தது; என் தலை பட்டதும் அது கோழிகளின் முதுகில் பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளை லெகார்ன் கோழியின் உயர்ந்த கொண்டையில் முனைகள் மட்டும் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தன. ஒரு வாரத்தில் அவை கறுத்து, பின்னர் காய்ந்து உதிர்ந்தன. அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த, தலையோடு ஒட்டிய கொண்டை கொண்ட வயன்டாட் கோழிக்கு எதுவும் ஆகவில்லை. நான் அன்போடு செய்த காரியமே அந்தக் கோழியை வருத்தியது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆகவே காற்றுத் துளைகள் குளிர்காலம் முழுவதும் திறந்தே இருக்க வேண்டும். ஆனால் அவை கோழிகள் அடையும் பரணுக்கு மேலே, அவற்றின் தலை மட்டத்தையும் தாண்டிய உயரத்தில், கூரையின் இறவாணத்துக்குக் கீழே இரண்டு பக்கங்களிலும் இருக்க வேண்டும். ஈரக் காற்று மேலேறி வெளியே போகும். கோழியின் மேல் நேரடியாகக் காற்று வீசாது. சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. காற்று பலமாக அடிக்கும் நாளில், மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைக் கோழி உட்காரும் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். அது படபடத்தால் அந்த உயரத்தில் எங்கோ இடுக்கு இருக்கிறது. அதை மட்டும் அடையுங்கள். காலையில் உட்சுவரிலோ சன்னல் கண்ணாடியிலோ பனி பூத்திருந்தால் மேலே திறப்பு போதவில்லை என்று பொருள்.

பரணுக்கு உருண்டைக் கொம்பு வேண்டாம். இங்கே எந்த மரக்கடையிலும் கிடைக்கும் இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டத்தை, அகலமான பக்கம் மேலே இருக்குமாறு படுக்கவைத்துப் பொருத்துங்கள். அப்போதுதான் கோழி விரல்களை மடக்காமல் தட்டையாக வைத்து, அவற்றின் மேல் நெஞ்சை இறக்கி மூடிக்கொள்ள முடியும். மைனஸ் 35 டிகிரி இரவில் பரணில் இருக்கும் கோழியின் நெஞ்சுக்கு அடியில் ஒருமுறை மெதுவாக விரல்களை நுழைத்துப் பாருங்கள். அடுப்படியில் கைவைத்தது போல வெதுவெதுவென்று இருக்கும். அந்த ஒரு தொடுதலே உங்கள் பாதி பயத்தைப் போக்கிவிடும்.

தரைக்கு, நம் ஊர்ப் பண்ணைகளில் ஆழ்கூளம் என்று சொல்லும் முறையே இங்கும் சிறந்தது. இலையுதிர்காலத்திலேயே பைன் மரச்சீவலை அரையடி உயரத்துக்குக் கொட்டிவிட்டு, எச்சம் சேரச் சேரக் கிளறிவிட்டு மேலே புதிய சீவலைப் போட்டுக்கொண்டே வாருங்கள். வசந்தம் வந்ததும் மொத்தமாக அள்ளினால் தோட்டத்துக்கு நல்ல உரம். தேவதாரு போன்ற மணமுள்ள மரங்களின் சீவலைத் தவிர்த்துவிடுங்கள், அவற்றின் நெடி கோழிகளின் மூச்சுக்கு ஆகாது.

வெப்ப விளக்கைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். கடையில் முதலில் கண்ணில் படுவது 250 வாட் சிவப்பு விளக்குதான், அதை வாங்காதீர்கள். காய்ந்த மரச்சீவல், பறக்கும் இறகு, தூசி ஆகியவற்றுக்கு நடுவே அதைத் தொங்கவிடுவது தீக்கு வழிவிடுவதாகும். கோழி ஒருமுறை சிறகடித்து அதைக் கீழே தள்ளினாலே போதும். இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஜனவரி 13 அன்று மாலை, மைனஸ் 40-ஐ ஒட்டிய குளிரில், ஆல்பர்ட்டா முழுவதும் கைப்பேசிகளில் அவசர எச்சரிக்கை ஒலித்தது. மின்சாரம் போதாமல் மின்வெட்டு வரக்கூடும் என்பதால் எல்லோரும் பயன்பாட்டைக் குறைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். இலையுதிர்காலத்திலிருந்தே மெல்ல மெல்லக் குளிருக்குப் பழகி, முழுத்தூவி வளர்த்திருந்த என் கோழிகளை அந்த இரவில் மின்சாரம் இல்லாமலும் விட்டுவைக்க என்னால் முடிந்தது. விளக்குச் சூட்டிலேயே பழகிய கோழிகள் அப்படித் தாங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. நோயுற்ற கோழிக்கோ வயதான கோழிக்கோ வெப்பம் தேவைப்பட்டால், சுவரில் பொருத்தக்கூடிய தட்டையான வெப்பத் தகடு பாதுகாப்பானது.

மின்சாரத்தை நான் செலவிடுவது தண்ணீருக்குத்தான். உணவைவிடத் தண்ணீர் இல்லாமல் கோழி சீக்கிரம் தளர்ந்துவிடும். தண்ணீர் குடிக்காத கோழி தீவனமும் எடுக்காது, தீவனம் எடுக்காவிட்டால் உடம்பில் சூடு உண்டாகாது. சூடாக்கும் அடித்தட்டு உள்ள தண்ணீர்ப் பாத்திரம் வாங்குவது நல்லது. இல்லையென்றால் கறுப்பு ரப்பர் தொட்டிகள் இரண்டை வைத்துக்கொண்டு, ஒன்று உறைந்ததும் மற்றொன்றை மாற்றிவைக்க வேண்டும். ரப்பர் வளைந்துகொடுப்பதால் பனிக்கட்டியைத் தட்டி எடுக்கலாம், நெகிழி வாளி பிளந்துவிடும். தண்ணீரைத் தூங்கும் இடத்துக்குள் வைக்காமல், கூட்டை ஒட்டிக் கூரையும் காற்றுத்தடுப்பும் போட்ட கோழி முற்றத்தில் வையுங்கள்.

இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கொண்டையைப் பாருங்கள். இந்த நாட்டுக் குளிருக்கென்றே உருவான சான்டக்ளர் என்ற இனம் உண்டு. கியூபெக்கின் ஓகா மடத்துத் துறவி வில்பிரிட் சாத்லான் 1908-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் உழைத்து, கொண்டையும் தாடியும் மிகச் சிறிதாக இருக்குமாறு இதை வளர்த்தெடுத்தார். இதே பெயரில் பழுப்புக் கோடுகள் கொண்ட வகை நம் எட்மன்டனிலேயே உருவானது. வயன்டாட், பக்கை போன்றவையும் நல்லவை. பிரம்மா குளிரைத் தாங்கும், ஆனால் அதன் கால் இறகுகளில் ஈரப் பனி கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். நம் அசில் வகை கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். அதன் கொண்டை சிறியதுதான் என்றாலும், இறகு இறுக்கமாகவும் தூவி குறைவாகவும் இருப்பதால் இந்தக் குளிருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிசம்பரில் இங்கே பகல் ஏழரை மணி நேரம்தான். தொடர்ந்து முட்டையிட ஏறத்தாழ 14 மணி நேர வெளிச்சம் தேவை என்பதால், குளிர்காலத்தில் முட்டை குறைவதும் நின்றுபோவதும் இயல்பு. நோய் என்று கலங்க வேண்டாம். வேண்டுமென்றால் சிறிய எல்இடி விளக்கொன்றை நேரங்காட்டியோடு இணைத்து, விடியுமுன் எரியுமாறு வையுங்கள். மாலையில் நீட்டித்தால், விளக்கு சட்டென்று அணையும்போது கோழிகள் பரண் ஏற முடியாமல் இருட்டில் திகைக்கும். நான் என் கோழிகளை ஓய்வெடுக்கவே விட்டுவிடுகிறேன். இடும் முட்டைகளை மட்டும் அடிக்கடி எடுத்துவிடுங்கள், உறைந்தால் ஓடு வெடித்துவிடும்.

தீவனம் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலவாகும். முட்டைக்கோழித் தீவனத்தோடு, அடையும் நேரத்துக்குச் சற்று முன் ஒரு கைப்பிடி உடைத்த மக்காச்சோளம் கொடுத்தால் இரவில் அது செரிக்கும்போது உடம்பு சூடாக இருக்கும். தரை பனியால் மூடியிருப்பதால் செரிமானத்துக்கான சிறுகல் மணலையும் முட்டை ஓட்டுக்கான கிளிஞ்சலையும் தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். நம் வீட்டு மிச்சச் சோற்றைக் கொடுக்கலாம், ஆனால் உப்புப் போட்ட குழம்போ ஊறுகாயோ கலந்தது வேண்டாம்.

சட்ட நிலையைக் கோழி வாங்குமுன் பாருங்கள். எட்மன்டனில் மாநகராட்சி உரிமமும், கோழி வளர்க்கும் இடத்தைப் பதிவுசெய்து மாகாண அரசு தரும் வளாக அடையாள எண்ணும் வேண்டும். மூன்று முதல் ஆறு பெட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம், சேவலுக்கு அனுமதி இல்லை. இதே மாகாணத்தின் கால்கரி நகரம் 2022-இலிருந்து தனி உரிமம் தருகிறது. டொராண்டோவில் 2018-இல் தொடங்கிய சோதனைத் திட்டம் நிலைக்கவில்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் உறவினர் சொன்னதை இங்கேயோ, இங்கே நான் சொல்வதை அங்கேயோ பொருத்திப் பார்க்காதீர்கள்.

பள்ளத்தாக்கை ஒட்டிய வீடு என்றால் கயோட்டி என்ற நரி போன்ற காட்டு விலங்கு வரும். கீரி போல ஒல்லியான வீசல் என்ற சிறு விலங்கு விரலளவு இடுக்கிலும் நுழையும். எனவே சாதாரணக் கோழிவலையை நம்பாமல் அரையங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலையையே போடுங்கள். கோழி முற்றத்தின் மேல் கூரை இருப்பது இன்னொரு வகையிலும் நல்லது. 2022-இல் ஆல்பர்ட்டாவில் பறவைக் காய்ச்சல் பரவியதிலிருந்து, காட்டுப் பறவைகளின் எச்சம் தீவனத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது மிகவும் அவசியமாகிவிட்டது.

குளிரில் சோர்ந்து நிற்கும் கோழியைக் கண்டால் தூக்கிக்கொண்டு நேரே வரவேற்பறைக்கு ஓடாதீர்கள். முதலில் கராஜில், அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். பனிக்கடி பட்ட கொண்டையைத் தேய்க்கக் கூடாது, கறுத்த முனையை வெட்டவும் கூடாது.

அந்தச் சகோதரி, டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார். பக்கத்து வீட்டாரிடம் நவம்பரிலேயே பேசி, இரண்டு மூன்று மாலைகள் உங்களோடு கூட்டுக்கு வரச்சொல்லுங்கள். தண்ணீர் மாற்றுவது, முட்டை எடுப்பது, இருட்டியபின் பரணில் கோழிகளை எண்ணிவிட்டுக் கதவைச் சாத்துவது ஆகிய மூன்றையும் அவர்கள் கையாலேயே செய்யவைத்துப் பாருங்கள். முட்டைகளை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். மேலே இருக்கும் காற்றுத் துளைகளை எவ்வளவு குளிர்ந்தாலும் மூட வேண்டாம் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கூட்டின் கதவில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள். இல்லையென்றால் அவர்களும் நம்மைப் போலவே இரக்கப்பட்டு அவற்றை அடைத்துவிடுவார்கள்.